ஓராண்டு டிப்ளமா மட்டும் 485 விசாவுக்குப் போதாது

ஆஸ்திரேலியாவில் ஓராண்டு ஐ.டி. டிப்ளமா முடித்தாலே, படிப்புக்குப் பின் அங்கேயே தற்காலிகமாகத் தங்கி வேலை பார்க்க உதவும் 485 விசா உறுதி என்று சிலர் சொல்வது சரியல்ல. வெளிநாட்டு மாணவர்களுக்கான படிப்புகளைக் கொண்ட அரசின் கிரிகோஸ் (CRICOS) பதிவேட்டில் குறைந்தது 92 வாரங்கள் எனப் பதிவான படிப்பை, 16 மாதங்களுக்குக் குறையாமல் அந்நாட்டிலேயே இருந்து படித்திருக்க வேண்டும். 52 வாரப் படிப்பு தனித்து நின்றால் இதை நிறைவு செய்யாது, தகுதியான இன்னொரு படிப்பையும் சேர்த்தே கணக்குக் காட்ட இயலும். அதைவிடப் பெரிய தடை, இந்த விசாவின் தொழிற்கல்விப் பிரிவில் விண்ணப்பிப்பவர், அரசின் திறன் பணிப் பட்டியலிலுள்ள ஒரு பணியைக் குறிப்பிட்டு, தம் டிப்ளமா அதனோடு நெருங்கிய தொடர்புடையது என நிறுவ வேண்டியிருப்பதுதான். மென்பொருள் உருவாக்குநர் போன்ற பணிகளோ பொதுவாக இளநிலைப் பட்டத்தை எதிர்பார்ப்பவை. படிக்கும்போதே முழுநேரம் வேலை பார்த்துக் கட்டணத்தை அடைத்துவிடலாம் என்பதும் தவறு: 2023 ஜூலை முதல், மாணவர் விசாவில் இருப்பவர் வகுப்புகள் நடக்கும் காலத்தில் வேலை பார்க்க இரு வாரங்களுக்கு 48 மணி நேரமே வரம்பு.