ஆண்டர்சன் இல்லாத யெஸ்ஸும், இரண்டு குரல்களில் வந்த ஒரே ஆல்பமும்

யெஸ் இசைக்குழு 2011-ல் வெளியிட்ட ‘ஃப்ளை ஃப்ரம் ஹியர்’ ஆல்பத்தை யெஸ் ஆல்பம் என்று ஒப்புக்கொள்ளலாமா, கூடாதா என்ற வாதம் கோவையில் ராக் இசை கேட்கும் எங்கள் சிறு கூட்டத்துக்குள் இன்னும் ஓய்ந்தபாடில்லை. 1968-ல் பேஸ் கிடார் வாசிக்கும் கிறிஸ் ஸ்குவையருடன் சேர்ந்து லண்டனில் அந்தக் குழுவைத் தொடங்கியவர் ஜான் ஆண்டர்சன். இடையில் சில விலகல்கள் நீங்கலாக, அதன் பிறகு 40 ஆண்டுகள் அதன் குரலாக இருந்தவரும் அவரே. அவர் பாடவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு தரப்பார் அந்த ஆல்பத்தை முழுதாகக் கேட்கவே மறுக்கிறார்கள். மறுதரப்பாரோ குரலும் ஒரு வாத்தியம்தான், வாசிப்பவர் மாறினால் குழு மாறிவிடாது என்று அடித்துச் சொல்கிறார்கள். காந்திபுரத்தில் ஒரு பேக்கரி வாசலில் டீ ஆறிப்போகும் வரை நீண்ட பேச்சில் நான் சொல்லி முடிக்காததை இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் கோபத்தையும் இசையையும் பிரித்துக்கொள்ள வேண்டும். 2008-ல் குழுவின் 40-ஆவது ஆண்டையொட்டித் திட்டமிட்டிருந்த சுற்றுப்பயணம், ஆண்டர்சனுக்கு மூச்சுத் திணறல் முற்றியதால் ரத்தானது. அவர் முழுதாகத் தேறி வரும் வரை காத்திராமல், யெஸ் பாடல்களையே மேடைகளில் பாடிவந்த கனடாக் குழு ஒன்றின் பாடகரான பெனுவா டேவிட்டை யூடியூபில் பார்த்துப் பிடித்து, அவரை முன்னால் நிறுத்தி அதே ஆண்டு மற்றவர்கள் மேடையேறிவிட்டார்கள். தம்மை மதிக்கவில்லை என்ற மனத்தாங்கலை ஆண்டர்சன் வெளிப்படையாகவே தெரிவித்தார். அந்த மனத்தாங்கல் நியாயமானது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் 2008-ல் நடந்த முறைகேட்டுக்கான தண்டனையை 2011-ல் வந்த பாடல்களின் தலையில் ஏற்றுவது சரியாகாது.

பெயர் யாருக்குச் சொந்தம் என்ற சண்டையும் எங்கும் போய்ச் சேராது. 1989-ல் ஆண்டர்சன், பில் புரூஃபோர்ட், ரிக் வேக்மன், ஸ்டீவ் ஹோவ் ஆகிய நால்வரும் சேர்ந்து ஓர் ஆல்பம் வெளியிட்டார்கள். 1972-ல் ‘குளோஸ் டு தி எட்ஜ்’ ஆல்பத்தை உருவாக்கிய ஐவரில் இவர்கள் நால்வர். இருந்தும் யெஸ் என்ற பெயர் ஸ்குவையர் பக்கம் இருந்ததால், தங்கள் நால்வர் பெயரையே வரிசையாக அட்டையில் போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆண்டர்சன் இருக்கும் இடமே யெஸ் என்பவர்களில் பாதிப்பேர்கூட அந்த ஆல்பத்தை யெஸ் வரிசையில் அடுக்கி வைப்பதில்லை. 2015-ல் காலமாகும் வரை யெஸ் பெயரில் வந்த எல்லா ஸ்டுடியோ ஆல்பங்களிலும் இருந்த ஒரே மனிதர் ஸ்குவையர்தான் என்பதையும் இரு தரப்பாரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

என்னுடைய கருத்து வேறு. ஒரு பாட்டு எந்தத் தொண்டைக்காக எழுதப்பட்டது என்பதே இங்கே பார்க்க வேண்டிய விஷயம். பாடகர் மாறியதனால் மட்டும் எந்தக் குழுவும் கெட்டுப்போனதில்லை; பழைய பாடகரின் தொண்டைக்கு எழுதியதைப் புதியவரைப் பாடவைத்தபோதும், புதியவரைப் பழையவராகவே இருக்கச் சொன்னபோதும்தான் காரியம் கெட்டிருக்கிறது.

ஆண்டர்சனின் குரலை எடுத்துக்கொள்வோம். அவர் லங்காஷயரில் உள்ள அக்ரிங்டனில் பிறந்தவர். பஞ்சாலைகளும் நூற்பு இயந்திரத் தொழிற்சாலைகளும் நிறைந்திருந்த ஊர் அது. தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பெயரெடுத்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, அசல் மான்செஸ்டருக்கு வடக்கே இருக்கும் ஊர்க்காரரின் பாட்டைக் கேட்கிறோம் என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம் உண்டு. பலரும் நினைப்பதுபோல அது கள்ளக் குரல் அல்ல. அவருடைய இயல்பான குரலே அந்த உயரத்தில்தான் நிற்கிறது. அதனால்தான் கிடாரும் கீபோர்டும் எவ்வளவு நெருக்கியடித்துக்கொண்டு ஓடினாலும், அவற்றுக்கு மேலே ஓர் இடம் காலியாக விடப்பட்டு, அந்த இடத்தில் அவர் சிரமமில்லாமல் பாடிக்கொண்டிருப்பார். அந்தக் காலியிடத்தை மனத்தில் வைத்துக் கட்டப்பட்ட பாடல்களை வேறொருவர் பாடும்போது அவர் அந்த உயரத்துக்கு ஏறியே ஆக வேண்டும்.

இதை முதலில் அனுபவித்தவர் டிரெவர் ஹார்ன். 1980-ன் தொடக்கத்தில் ஆண்டர்சனும் வேக்மனும் விலகியபோது, ‘வீடியோ கில்ட் த ரேடியோ ஸ்டார்’ பாட்டால் அதற்கு முந்தைய ஆண்டு பிரிட்டனில் முதலிடம் பிடித்திருந்த பகிள்ஸ் என்ற இருவர் குழு, அதாவது ஹார்னும் ஜெஃப் டவுன்ஸும், அப்படியே யெஸ்ஸுக்குள் வந்து சேர்ந்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்த ‘டிராமா’ பிரிட்டனில் 2-ஆம் இடம் வரை ஏறியது. ‘மெஷின் மெசையா’ என்ற பத்து நிமிடப் பாட்டில் ஹோவின் கிடார் அதுவரை யெஸ்ஸில் கேட்டிராத கனத்தோடு இறங்குகிறது; ஹார்ன் தம்முடைய மெல்லிய குரலில், ஆண்டர்சனாக வேஷம் கட்டாமல் பாடுகிறார். புதியவர்கள் இருவரும் பாட்டு எழுதும்போதே கூட இருந்தார்கள் என்பதை ஆல்பம் முழுக்க உணர முடிகிறது. ஆனால் அதே ஹார்ன் சுற்றுப்பயணத்தில் ஆண்டர்சனின் பழைய பாடல்களை இரவுக்கிரவு பாட வேண்டியிருந்தது. உச்ச இடங்கள் எட்டவில்லை, கூட்டத்தில் சிலர் கூச்சலிட்டார்கள், அடுத்த ஆண்டுக்குள் அந்த அணி கலைந்தது. ஸ்டுடியோவில் ஜெயித்த பாடகர் மேடையில் தோற்றார். பிறகு ஆண்டர்சன் திரும்பி வந்து பாடிய 1983-ன் ‘90125’ ஆல்பத்தைத் தயாரித்தவர் இதே ஹார்ன்தான். குழுவுக்கு அமெரிக்காவில் கிடைத்த ஒரே முதலிடப் பாட்டு அதிலிருந்துதான் வந்தது. தம்முடைய இடத்துக்குத் திரும்பி வந்தவரை உட்காரவைத்து அவருடைய மிகப் பெரிய வெற்றியைப் பதிவு செய்துகொடுத்த பெருந்தன்மையைப் பற்றி எங்கள் கூட்டத்தில் யாரும் பேசுவதில்லை என்பது எனக்குக் குறைதான்.

இனி 2011-க்கு வருவோம். ‘மேக்னிஃபிகேஷன்’ வந்து பத்து ஆண்டுகள் கழித்து வந்த ஸ்டுடியோ ஆல்பம் ‘ஃப்ளை ஃப்ரம் ஹியர்’. தயாரிப்பாளர் மறுபடியும் ஹார்ன், கீபோர்டில் மறுபடியும் டவுன்ஸ். ஆல்பத்தின் பாதியை நிறைக்கும் 24 நிமிடத் தலைப்புப் பாட்டின் மூலக்கரு, பகிள்ஸ் காலத்திலேயே ஹார்னும் டவுன்ஸும் எழுதி, 1980 சுற்றுப்பயணத்தில் யெஸ் மேடைகளில் பாடப்பட்டு, ஆல்பத்தில் ஏறாமல் கிடந்த ஒரு பாட்டு. ஆக, ஹார்னின் தொண்டையில் பிறந்த பாட்டை, ஆண்டர்சனைப் போலப் பாடுவதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட டேவிட்டிடம் கொடுத்தார்கள். டேவிட் எந்தத் தவறும் செய்யவில்லை. சுருதி சுத்தம், உச்சரிப்புச் சுத்தம், சொன்ன இடத்தில் சொன்ன உயரம். ஆனால் பாட்டுக்குள் ஆள் இருப்பதாகத் தோன்றவில்லை.

இதை என் காது செய்யும் ஓரவஞ்சனை என்று நண்பர்கள் ஒதுக்கிவிடலாம். ஆனால் இந்த விவகாரத்தில் வேறெந்தக் குழுவிலும் எளிதில் கிடைக்காத சாட்சி ஒன்று இருக்கிறது. குழுவின் 50-ஆவது ஆண்டான 2018-ல், இதே ஆல்பத்தில் டேவிட்டின் குரலை எடுத்துவிட்டு ஹார்னே பாடி, மறுபடி கலவை செய்து, ‘ரிட்டர்ன் டிரிப்’ என்று சேர்த்து வெளியிட்டார்கள். ஸ்குவையர் இறந்து மூன்று ஆண்டு ஆகியிருந்தது. அவருடைய பேஸ் கிடார் 2011-ல் வாசித்தபடியே அதில் ஒலிக்கிறது. குரல் மாறியதும் ஆல்பத்தின் ஆட்கள் ஹார்ன், ஹோவ், ஸ்குவையர், டவுன்ஸ், ஆலன் ஒயிட் என்று ஆகிவிட்டார்கள், அதாவது ‘டிராமா’வின் அதே ஐவர். ‘சேட் நைட் அட் தி ஏர்ஃபீல்ட்’ பகுதியை இரண்டு பதிப்புகளிலும் அடுத்தடுத்து ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். டேவிட் பாடும்போது வரிகள் வழுக்கிக்கொண்டு போகின்றன. எழுபதை நெருங்கிய ஹார்ன் பாடும்போது குரல் சற்றுக் கரகரக்கிறது, நீளமான இடங்களில் மூச்சு குறைகிறது, ஆனால் ஒவ்வொரு வரியும் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நிற்கிறது. இளையவரும் வல்லவருமான பாடகரைவிட வயதானவர் பாடியது நன்றாக இருக்கிறது என்றால், அதற்குக் காரணம் பாட்டு அவருடையது என்பதுதான். குரலும் ஒரு வாத்தியம்தான் என்ற தரப்பு இந்த ஒப்பீட்டில் தோற்றுப்போகிறது. ஆண்டர்சன் இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை என்ற தரப்பும் கூடவே தோற்கிறது, ஏனென்றால் இரண்டிலுமே அவர் இல்லை.

எங்கள் பக்கத்து மாரியம்மன் நோம்பிகளில் மஞ்சள் நீராட்டு முடிந்த இரவு நடக்கும் இன்னிசைக் கச்சேரியைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. பெருந்துறைப் பக்கம் ஒரு கிராமத்தில் டி.எம்.எஸ். குரலில் பாடுபவர் என்று நோட்டீசில் போட்டே அழைத்து வந்திருந்த பாடகர் ஒருவரைக் கேட்டிருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டால் அசல்தான். ஆனால் உச்ச இடம் வரும்போதெல்லாம் அவர் மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு கீபோர்டுக்காரரை ஒரு பார்வை பார்ப்பார். அவர் உடனே வயலின் ஒலியை ஏற்றி இவருடைய குரலை மூடிவிடுவார். கூட்டம் கலைந்த பிறகு, ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டதற்காக, அந்தக் குழுவே மெட்டமைத்த அம்மன் பாட்டு ஒன்றைப் பாடினார். மைக் வாயை விட்டு நகரவில்லை, கீபோர்டுக்காரர் பக்கம் அவர் திரும்பவே இல்லை. அந்தக் குரலுக்கு அப்போது யாருடைய சாயலும் இல்லை. இந்தக் கதையைச் சொன்னதும் எங்கள் கூட்டத்தில் ஒருவர், “அப்படின்னா டேவிட்டுக்குன்னு ஒரு பாட்டு எழுதிக் குடுத்திருந்தா செரியாப் போயிருக்குமுங்களா?” என்று கேட்டார். போயிருக்கும் என்றே நினைக்கிறேன். அதற்கு வாய்ப்பில்லாமல் அவர் 2012-ல் உடல்நலக் குறைவால் விலகினார், அதுவும் மூச்சுக் கோளாறால்.

மற்றக் குழுக்களின் கதையும் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறது. 1980 பிப்ரவரியில் ஏசி/டிசி குழுவின் பாடகர் பான் ஸ்காட் இறந்தார். குழு அதே ஆண்டு ஜூலையில் பிரையன் ஜான்சனுடன் ‘பேக் இன் பிளாக்’ வெளியிட்டது. அதன் பாடல் வரிகளில் ஜான்சனுக்குப் பங்கு உண்டு. ஸ்காட்டின் குறும்பை நகலெடுக்காமல் தம்முடைய கத்தலையே அவர் கொண்டுவந்தார். அயர்ன் மெய்டனில் புரூஸ் டிக்கின்சன் இடத்துக்கு வந்த பிளேஸ் பெய்லியின் குரல் தாழ்ந்த குரல். அவரை வைத்துச் செய்த ‘சைன் ஆஃப் தி கிராஸ்’ நல்ல பாட்டு என்பதற்கு, டிக்கின்சன் திரும்பி வந்த பிறகும் அதை மேடையில் பாடியதே சான்று. பெய்லிக்கு அடி விழுந்தது டிக்கின்சனின் பழைய பாடல்களில்தான். ஜெனிசிஸ் மட்டும் என் கணக்குக்குள் சரியாக அடங்கவில்லை. 1976-ன் ‘எ டிரிக் ஆஃப் தி டெய்ல்’ இசையைப் பெரும்பாலும் பதிவு செய்துவிட்டுப் பாடகரைத் தேடினார்கள், கடைசியில் தங்கள் டிரம்மர் ஃபில் காலின்ஸையே பாடவைத்தார்கள், ஆல்பமும் அருமையாக வந்துவிட்டது. முந்தைய பாடகர் பீட்டர் கேப்ரியலுக்குப் பின்னால் ஐந்து ஆண்டுகள் பின்குரல் கொடுத்தவர் என்பதால் அந்தப் பாடல்களுக்கு அவர் வெளியாள் அல்ல என்று சமாளிக்கிறேன்.

இன்றைய யெஸ்ஸில் பாடுபவர் ஜான் டேவிசன். ‘தி குவெஸ்ட்’ 2021-லும் ‘மிரர் டு த ஸ்கை’ 2023-லும் வந்தன. பாடல்களை எழுதுவதில் டேவிசனுக்குப் பங்கு இருப்பதால் டேவிட்டைவிட அவருக்குக் காலூன்ற இடம் கிடைத்திருக்கிறது என்பது என் எண்ணம். இரண்டாவது ஆல்பம் முதலாவதைவிட மேல்.

இதற்கிடையே ஆண்டர்சன், தம்முடைய 80-ஆவது பிறந்தநாளுக்கு இரண்டு மாதம் முன்பு, 2024 ஆகஸ்டில், பேண்ட் கீக்ஸ் என்ற குழுவோடு ‘ட்ரூ’ ஆல்பத்தை வெளியிட்டார். பழைய பாடல்களை அச்சு அசலாக வாசித்து இணையத்தில் போட்டுவந்த குழு அது. அங்கே ஸ்குவையர் வாசித்த விதத்திலேயே பேஸ் கிடார் வாசிப்பவர் ரிச்சி காஸ்டெல்லானோ. ஆண்டர்சன் பக்கம் நிற்கும் நண்பர்கள் “இதுதானுங்க அசல் யெஸ்” என்று கொண்டாடினார்கள். ஆல்பம் எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் பாடகரின் நகல் கூடாது, பேஸ் கிடாரின் நகல் கூடும் என்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்டேன். “பேஸ் வாசிக்கறவர் மாறுனா யாருங்ணா கண்டுபுடிக்கறாங்க? பாடறவர் மாறுனா எங்க அம்மாவே கண்டுபுடிச்சிருவாங்க” என்று பதில் வந்தது. ‘டிராமா’வின் கடைசிப் பாட்டான ‘டெம்பஸ் ஃபியூஜிட்’டின் முதல் நிமிடத்தை, ஸ்குவையரின் ரிக்கன்பேக்கர் பேஸ் கிடார் பாய்ந்து வரும் இடத்தை, அந்த அம்மாவுக்குப் போட்டுக் காட்டிவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.