மூன்று நாள் பனியும் ஒரு ஸ்கிரீன்ஷாட்டும்

போன ஞாயிறு நம் வரலாற்று இணையக் கூட்டத்தில் நடந்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை. அந்த ஸ்கிரீன்ஷாட் இந்நேரம் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். ‘இடையில் பேசியது என் தவறு, மன்னிக்கவும்’ என்று நான் எழுதியதற்குக் கீழே, ‘அண்ணன் கனோசாவுக்கு வந்து சேர்ந்துவிட்டார்’ என்று பேச்சாளர் தம்பி போட்டாரே, அதுதான். அதற்கு 41 சிரிப்புப் பொம்மைகள். உட்கார்ந்து எண்ணினேன்.

நான்கு நாள் எதுவும் எழுதாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை. கேலி செய்ததுகூடப் பரவாயில்லை. கேலியே தப்பான வரலாற்றின்மேல் உட்கார்ந்திருக்கிறது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

தம்பி நன்றாகப் பேசுபவர், நானே அவருடைய பேச்சைப் பலருக்கு அனுப்பியிருக்கிறேன். அன்று அவர் சொன்னது இது: ஜெர்மானியப் பேரரசர் நான்காம் ஹென்றி 1077இல் இத்தாலியின் கனோசாக் கோட்டை வாசலில் மூன்று நாள் வெறுங்காலோடு பனியில் நின்று போப் ஏழாம் கிரிகோரியிடம் மன்னிப்புக் கேட்டார், அன்றோடு பேரரசர்களின் கொட்டம் அடங்கியது. நான் குறுக்கே புகுந்து இரண்டே விஷயம் சொன்னேன். ஒன்று, அன்று அவர் பேரரசர் இல்லை, அரசர்தான். இரண்டு, அங்கே தோற்றவர் அவர் இல்லை. ‘கேள்வி நேரத்தில் பார்ப்போம் அண்ணே’ என்றார். கேள்வி நேரம் வரவே இல்லை. என் மைக் மட்டும் அணைந்தது.

சரி. இங்கே மைக் என்னுடையது.

இந்தச் சண்டை 1077இல் தொடங்கியதே இல்லை. ஹென்றியின் அப்பா மூன்றாம் ஹென்றி 1046இல் இத்தாலிக்குப் போனபோது போப் பதவிக்கு மூன்று பேர் உரிமை கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். மூன்று பேரையும் அகற்றிவிட்டு ஒரு ஜெர்மானிய ஆயரை (பிஷப்பை) உட்கார வைத்தார். பதவி போன ஆறாம் கிரிகோரி ஜெர்மனிக்கு நாடு கடத்தப்பட்டபோது கூடவே போனவர் ஹில்டபிராண்ட் என்ற இளைஞர். அந்த ஹில்டபிராண்ட்தான் 1073இல் ஏழாம் கிரிகோரி ஆனார். ஓர் அரசன் போப்பைக் கழற்றி எறிவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர். அதை மறந்திருப்பார் என்றா நினைக்கிறீர்கள்?

சண்டை எதற்கு என்றால், ஆயர்களை நியமிப்பது யார் என்பதற்கு. ஏதோ கோயில் காரியம் என்று எண்ணிவிட வேண்டாம். அன்றைய ஜெர்மனியில் ஆயர் என்றால் நிலம், படை, சுங்கம், நீதிமன்றம் எல்லாம் அவர் கையில். அவர்களை வைத்துத்தான் அரசன் ஆண்டான். மோதிரத்தையும் கோலையும் அரசனே கொடுத்துப் பதவியில் அமர்த்துவது வழக்கம். கிரிகோரி அதைக் கூடாது என்றார். 1075இல் அவர் எழுதிவைத்த 27 வாசகங்களில் ஒன்று, பேரரசர்களைப் பதவி நீக்கப் போப்புக்கு அதிகாரம் உண்டு என்கிறது. இன்னொன்று, அரசர்கள் எல்லாரும் போப்பின் பாதத்தை மட்டுமே முத்தமிட வேண்டும் என்கிறது. அதே ஆண்டு மிலான் பேராயர் பதவிக்கு ஹென்றி தன் ஆளை நியமித்தார். கிரிகோரி கண்டித்துக் கடிதம் எழுதினார். 1076 ஜனவரியில் ஹென்றி வோர்ம்ஸ் நகரில் ஆயர்களைக் கூட்டி, ‘நீ இப்போது போப் அல்ல, போலித் துறவி, இறங்கு’ என்கிற தொனியில் பதில் அனுப்பினார். 25 வயது, வேறென்ன செய்வார்.

அடுத்த மாதமே கிரிகோரி அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். நம் ஊர்களில் தள்ளிவைப்பது என்பார்களே, தண்ணீர் கிடையாது, நெருப்பு கிடையாது, யாரும் பேசக் கூடாது, அதன் ராஜ வடிவம் இது. குடிமக்கள் அவருக்குச் செய்த சத்தியமும் செல்லாது என்றாகிவிட்டது. ஏற்கெனவே கடுப்பில் இருந்த சாக்சன் பிரபுக்களுக்கும் தெற்கத்திய டியூக்குகளுக்கும் இது பொங்கல் பரிசு. அக்டோபரில் டிரிபூரில் கூடினார்கள். விலக்கு விழுந்து ஓராண்டு முடிவதற்குள் அதை நீக்கிக்கொள்ளாவிட்டால் அரசராக ஏற்க மாட்டோம் என்று கெடு வைத்தார்கள். 1077 பிப்ரவரியில் ஆக்ஸ்பர்க் நகருக்கு வந்து தீர்ப்புச் சொல்லும்படி போப்பையும் அழைத்தார்கள்.

ஆக, எதிரிகளின் திட்டம் தெளிவானது. போப் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி ஜெர்மனிக்கு வருவார், எல்லாரும் சேர்ந்து ஹென்றியை முடிப்பார்கள்.

ஹென்றி என்ன செய்தார்? போப் மலையைத் தாண்டுவதற்குள் தான் தாண்டிவிட்டார். கடும் குளிர்காலத்தில், மனைவி பெர்த்தாவையும் சின்னஞ்சிறு மகன் கான்ராடையும் கூட்டிக்கொண்டு மோன் செனி கணவாய் வழியாக. பெண்களை மாட்டுத் தோலில் உட்காரவைத்து இழுத்து இறக்கியதாக அந்தக் காலத்துத் துறவி ஒருவர் எழுதியிருக்கிறார். படை திரட்டி வருகிறார் என்று பயந்த கிரிகோரி, தன் பக்கம் இருந்த மாடில்டா சீமாட்டியின் கனோசாக் கோட்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். கவனியுங்கள், ஒளிந்துகொண்டவர் போப். வாசலில் வந்து நின்றவர் அரசர்.

வாசலில் படையோடு நின்றிருந்தால் கிரிகோரிக்கு வேலை சுலபம். ராஜ உடையைக் களைந்துவிட்டு, வெறுங்காலோடு, கம்பளித் துணியில், பாவியாக அல்லவா வந்து நிற்கிறார்! பாவமன்னிப்புக் கேட்டு வருகிறவனை ஒரு குருவானவர் எப்படித் திருப்பி அனுப்புவார்? உள்ளே மாடில்டாவும் ஹென்றியின் ஞானத்தந்தையான குளூனி மடாதிபதி ஹியூவும் அவருக்காகப் பரிந்து பேசுகிறார்கள். இது குருவின் கண்டிப்பா, கொடுங்கோலனின் கொடுமையா என்று சுற்றி இருந்தவர்களே கேட்டதாகக் கிரிகோரியே பிறகு ஜெர்மானியப் பிரபுக்களுக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். மூன்று நாள் கழித்து, ஜனவரி 28, விலக்கை நீக்கினார். கெடுவுக்கு இன்னும் சில வாரம் பாக்கி.

ஆக்ஸ்பர்க் கூட்டம் நடக்கவே இல்லை. இது தோல்வியா? திரும்பவும் சொல்கிறேன், ஹென்றி கனோசாவில் தோற்கவில்லை.

இங்கே என் கதை ஒன்று, பொறுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் மான்ஹைம் நகரில் மூன்று ஆண்டு வேலை பார்த்தேன். ஒருமுறை வாடிக்கையாளர் ஒருவருக்குப் போன மென்பொருளில் பெரிய கோளாறு. என் தவறு இல்லை, ஆனால் யாராவது நேரில் போய்த் தலைகுனிய வேண்டும். அறையில் கண்கள் எல்லாம் என் பக்கம் திரும்பின. பக்கத்து மேசை ஜெர்மன்காரர் தோளைத் தட்டி, ‘கனோசாவுக்குப் போ’ என்றார். அவர்கள் மொழியில் அது பழமொழி மாதிரி, அவமானப்பட்டு மன்னிப்புக் கேட்கப் போவது என்று பொருள். எனக்கு அன்று அர்த்தம் தெரியாது, ஊர்ப்பெயர் என்று நினைத்து எந்த ரயில் என்று கேட்டேன். (சிரித்துக்கொள்ளுங்கள், இதற்குச் சிரிக்கலாம்.) போனேன், மன்னிப்புக் கேட்டேன். அதன்பிறகு நான் அந்த ஊரை விட்டு வரும்வரை அந்த வாடிக்கையாளர் எங்கள் அலுவலகத்தில் வேறு யாரிடமும் பேசவில்லை, என்னைத்தான் கேட்பார். என்னை அனுப்பியவர்களுக்கு அது பிடிக்கவில்லை என்பது வேறு கதை.

கனோசாவைத் தோல்வியாக்கிய புண்ணியவான்களில் பெரியவர் ஜெர்மன் சான்சலர் பிஸ்மார்க். 1872 மே மாதம் நாடாளுமன்றத்தில், ‘கனோசாவுக்குப் போக மாட்டோம், உடலாலும் சரி உள்ளத்தாலும் சரி’ என்று முழங்கினார். கத்தோலிக்கத் திருச்சபையோடு அவர் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. தம்பி அன்று பேசியதும் இந்த பிஸ்மார்க் கனோசாதான், 1077ஆம் ஆண்டுக் கனோசா இல்லை. இத்தனைக்கும் பிஸ்மார்க்கே பத்துப் பதினைந்து ஆண்டில் போப் பதின்மூன்றாம் லியோவோடு சமரசத்துக்கு வந்து, போட்ட சட்டங்களில் பெரும்பாலானவற்றைத் திரும்பப் பெற்றார். அவருக்கு யாரும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கவில்லை.

இப்போது வருவார்கள் என்று தெரியும். ‘விக்கிப்பீடியாவைப் படித்துவிட்டு ஆடுகிறார்.’ ஆமாம், விக்கிப்பீடியாவும் படித்தேன். பேசுகிறவரும் படித்திருந்தால் இந்தப் பதிவே தேவைப்பட்டிருக்காது.

‘ஹென்றி யோக்கியமா?’ இல்லை. அவரைச் சுற்றி ஆயர் பதவிகள் விலைபோயின, சாக்சனியில் கோட்டை கோட்டையாகக் கட்டி மக்களைப் படுத்தினார். நான் அவரைப் புனிதர் என்றேனா?

‘நீ சர்ச்சுக்கு எதிரி.’ இதற்குப் பதில் சொல்வதாக இல்லை.

‘பேரரசரா அரசரா என்பதெல்லாம் ஒரு விஷயமா?’ விஷயம்தான். ரோமில் முடிசூடினால்தான் பேரரசர். அவர் முடிசூடிய கதை தெரிந்தால் இதைக் கேட்க மாட்டீர்கள். கனோசா முடிந்த இரண்டே மாதத்தில் எதிரிகள் போட்டி அரசராக ருடால்ஃபைத் தேர்ந்தெடுத்தார்கள். 1080இல் கிரிகோரி ஹென்றியை இரண்டாம் முறை விலக்கி, ருடால்ஃபை ஏற்றார். இந்தத் தடவை ஹென்றி எந்த வாசலிலும் போய் நிற்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் போரில் ருடால்ஃபின் வலது கை துண்டானது, செத்தும் போனார். ஹென்றிக்கு விசுவாசச் சத்தியம் செய்த கை அது, கடவுள் பார்த்துக்கொண்டார் என்று ஊரெல்லாம் பேச்சு. காய்ந்துபோன அந்தக் கையை மெர்ஸபுர்க் பேராலயத்தில் இன்றும் வைத்திருக்கிறார்கள். 1084இல் ஹென்றி ரோமுக்குள் நுழைந்தார், தான் நிறுத்திய போட்டிப் போப் கையால் ஈஸ்டர் அன்று பேரரசராக முடிசூடிக்கொண்டார். கிரிகோரி சாந்த் ஆஞ்செலோ கோட்டைக்குள் அடைபட்டுக் கிடந்தார். அவரை மீட்க வந்த நார்மன் படை ரோமையே சூறையாடியது. அந்த ஊரில் இருக்க முடியாமல் அவர்களோடு கிளம்பிப்போன கிரிகோரி 1085 மே 25 அன்று சலேர்னோவில் இறந்தார். ‘நீதியை நேசித்தேன், அநீதியை வெறுத்தேன், ஆகவே நாடு கடந்து சாகிறேன்’ என்பது அவருடைய கடைசி வார்த்தை என்பார்கள்.

கனோசா வாசலில் நின்றவர் ரோமில் பேரரசர். உள்ளே உட்கார்ந்திருந்தவர் வேற்றூரில் சாகிறார். கொட்டம் அடங்கியது என்கிறீர்கள்.

‘கடைசியில் சர்ச்தானே ஜெயித்தது?’ இது ஒன்றுதான் கொஞ்சம் நியாயமான கேள்வி. 1122இல் வோர்ம்ஸ் உடன்படிக்கையில் மோதிரத்தையும் கோலையும் கொடுக்கும் உரிமையைப் பேரரசர் விட்டுக்கொடுத்தார், உண்மை. ஆனால் ஜெர்மனியில் ஆயர் தேர்தல் அரசர் முன்னிலையில்தான் நடக்கும், நிலமும் அதிகாரமும் அரசரின் செங்கோல் வழியாகத்தான் கைக்கு வரும் என்பதும் அதே உடன்படிக்கை. அரசன் கடவுளின் நேரடிப் பிரதிநிதி என்ற பழைய மரியாதை அதற்குப்பின் அப்படியே இருக்கவில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். அதற்கு 45 ஆண்டு ஆனது. மூன்று நாளில் ஆகவில்லை. மேலே போகலாம்.

என் மனைவி நேற்றுக் கேட்டாள்: ‘ஆயிரம் வருஷத்துக்கு முந்தின ராஜாவுக்காக நீங்க ஏன் சரியா சாப்பிடாம இருக்கீங்க?’

பதில் சொல்லத் தெரியவில்லை. இவ்வளவு மட்டும் தெரியும்: அந்தப் பையன் ஆறு வயது நிறையுமுன் அப்பாவை இழந்தவன். (எனக்கு ஏழு. எனக்குச் சாய்வு இருக்கிறது என்று எழுதுங்கள், மறுக்க மாட்டேன்.) 11 வயதில் கொலோன் பேராயர் அன்னோ, புதுப் படகு காட்டுகிறேன் வா என்று ஏற்றிக் கடத்திக்கொண்டு போனார். பயத்தில் பையன் ரைன் நதியில் குதித்தான். ஒரு பிரபு பின்னாலேயே குதித்துத் தூக்கி வந்தார். தூக்கி வந்து மறுபடி அதே படகில் போட்டார்கள். படகிலிருந்து குதித்ததற்கு அவன் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை.

கடைசியில் அவரை வீழ்த்தியது போப்பும் இல்லை. பெற்ற பிள்ளைகள். ஆல்ப்ஸ் பனியில் தூக்கிக்கொண்டு போன அந்தக் கான்ராட் 1093இல் எதிர்த்துக் கிளம்பினான். அடுத்த மகன் ஐந்தாம் ஹென்றி, திருச்சபை விலக்கிய அப்பாவோடு எப்படி இருப்பது என்று சாக்குச் சொல்லி, அவரைப் பிடித்து அடைத்து, 1105 கடைசியில் முடியைப் பறித்தான். தப்பிப் போய் மறுபடி ஆள் சேர்க்கும்போதே, 1106 ஆகஸ்டில் லியேஜ் நகரில் மனிதர் இறந்துபோனார். விலக்கிலேயே இறந்ததால் புனித மண்ணில் புதைக்க முடியாது. ஷ்பையர் பேராலயத்தை இடித்துப் பெரிதாகக் கட்டியவரே அவர்தான். அந்தப் பேராலயத்தை ஒட்டி, இன்னும் புனிதப்படுத்தப்படாத ஒரு சிற்றாலயத்தில் ஐந்து ஆண்டு பெட்டியில் கிடந்தார். 1111இல் மகன் ரோமுக்குப் போய், பயபக்தியோடு போப் இரண்டாம் பாஸ்கலையே சிறைபிடித்து, முடியும் சூடிக்கொண்டு, அப்பாவைப் புதைக்க அனுமதியும் வாங்கி வந்தான்.

மான்ஹைமிலிருந்து ஷ்பையர் பக்கம். ஒரு சனிக்கிழமை போய் அந்த நிலவறைக் கல்லறை முன்னால் வெகுநேரம் நின்றேன். தாத்தா, அப்பா, இவர், அந்த மகன், எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள். அதைப் பார்த்தவனிடம் வந்து ‘அன்றோடு கொட்டம் அடங்கியது’ என்று ஒரே வரியில் சொன்னால் குறுக்கே பேசத்தான் செய்வேன்.

குறுக்கே பேசியது தவறுதான். அந்த மன்னிப்பை அழிக்கப் போவதில்லை, 41 பொம்மைகளும் அங்கேயே இருக்கட்டும். அடுத்த மாதக் கூட்டம் பின்னால் வந்த பேரரசர் பார்பரோசாவைப் பற்றியதாம். 1177இல் வெனிசில் அவரும் ஒரு போப்பின் காலில் விழுந்தார். தம்பி என்ன சொல்வார் என்று இப்போதே தெரியும். இணைப்பை அனுப்புங்கள், வருகிறேன். மைக்கை நானே அணைத்து வைத்துவிடுகிறேன்.