பத்து இலட்சத்துக்குப் பெட்டி, பொறுப்புச் சொல்ல ஒருவரும் இல்லை

பத்து இலட்சத்துக்கு மேல் கொட்டிக் கொடுத்து ஒரு கம்பியூட்டர் வாங்கினால் அது வேலை செய்ய வேண்டும். இவ்வளவுதான் நான் கேட்பது. இதைக் கேட்டதற்கு எனக்குக் கிடைத்த பதில்களை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

யாழ்ப்பாணத்தில் கலியாண வீடு, சாமத்திய வீடு வீடியோ எடிட் செய்வதுதான் என் தொழில். வேலை தருபவர்களில் பெரும்பாலானோர் வெளிநாட்டில் இருப்பவர்கள். ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், சூரிச் என்று எல்லா இடத்தில் இருந்தும் ஆவணி முகூர்த்தத்துக்கு வந்து இறங்குவார்கள். நல்லூர்த் திருவிழாவையும் பார்த்து, பிள்ளையின் கலியாணத்தையும் முடித்து, பள்ளிக்கூட விடுமுறை முடிய முதல் திரும்பிப் போய்விடுவார்கள். போய் இறங்கியதும் வட்ஸ்அப்பில் கேட்பது ஒரே கேள்வி: "தம்பி, வீடியோ எப்ப வரும்?" பெண்ணின் அம்மாவுக்கு ராம், டிரைவர் என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? வீடியோ வராவிட்டால் கெட்டுப்போவது எடிட்டரின் பெயர்தான். பெட்டி விற்றவரின் பெயரை ஒருவரும் கேட்கப் போவதில்லை.

இப்போது வரும் கமராக்களின் 4கே கோப்புகளைப் பழைய கம்பியூட்டர் இழுக்கவில்லை. ஆகவே புதுசு. 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 வரை ஏறிய பிறகு இந்தச் சாமான்களின் விலை எங்கே போய் நிற்கிறது என்று வாங்குகிறவர்களுக்குத் தெரியும். சீட்டு எடுத்து, மிச்சத்துக்கு வங்கியில் கடன் போட்டு வாங்கிய பெட்டி. சிபியூ ஏஎம்டி கம்பனியின் ரைசன் 9 7950எக்ஸ், 16 கோர். கிராபிக்ஸ் கார்ட் ஆர்டிஎக்ஸ் 4080. வேலை நடக்கும்போது தரவைத் தாங்கும் ராம் 128 ஜிபி, 6000 வேகம். "எடிட்டிங்குக்கு இதைவிட மேல இல்லை, அண்ணை" என்று கடைத் தம்பி அடித்துச் சொன்னார். பில்லிலும் 6000 என்றே போட்டிருந்தார்கள். அதற்கும் சேர்த்துத்தான் காசு வாங்கினார்கள்.

வந்த நாளில் இருந்தே விழத் தொடங்கியது. எடிட் செய்ததை முழு வீடியோவாக வெளியே எடுக்கும் எக்ஸ்போர்ட் பாதி தாண்டியதும் திரை ஒரு கணம் உறையும், மென்பொருள் தானாக மூடும், மேசையில் வெறும் வோல்பேப்பர். ஒரு நாள் பொன்னுருக்குக் காட்சியில் விழும். அதே கோப்பைத் திரும்பப் போட்டால் பொன்னுருக்கைத் தாண்டி, அறுகரிசி போடும் இடத்தில் விழும். இன்னொரு நாள் எக்ஸ்போர்ட்டே இல்லாமல் சும்மா டைம்லைனை இழுக்கும்போது விழும். சில வேளை முழுப் பெட்டியும் நீலத் திரை காட்டி ரீஸ்டார்ட் ஆகும்.

இனித்தான் அலைச்சல். கடைக்கு எடுத்தேன். "அது மென்பொருள் பிரச்சினை, எங்களுக்குச் சம்பந்தமில்லை." மென்பொருள் கம்பனிக்கு எழுதினேன். கேஷை அழியுங்கள், செட்டிங்ஸை ரீசெட் பண்ணுங்கள், டிரைவரை மாற்றுங்கள், விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள் என்று பதில் வந்தது. எல்லாம் செய்தேன், திரும்ப விழுந்தது. திரும்ப எழுதினேன். முதல் அனுப்பிய அதே பதிலையே வேறொரு பெயரில் திரும்ப அனுப்பினார்கள். நான் அனுப்பிய கிராஷ் அறிக்கையை ஒரு மனிதர் திறந்து பார்த்திருந்தால் அந்தப் பதில் வந்திருக்காது.

இந்தச் சாமான்களின் கொழும்பு ஏஜென்டுக்குப் போன் அடித்தால் அவர் சொன்னதுதான் உச்சம். "யாழ்ப்பாணத்துக் கரண்ட் சரியில்லைத்தானே, வெக்கையும் கூட, அதுதான்." என் பெட்டி ஒன்லைன் யூபிஎஸ்ஸில் ஓடுகிறது. அதே யூபிஎஸ்ஸில் அதே அறையில் ஓடும் பழைய பெட்டி ஒரு தரம்கூட விழவில்லை. இதைச் சொன்னதும் அவர் சூட்டுக்குத் தாவினார். "95 டிகிரி காட்டுது, சூடு கூடிப் போச்சு." 7950எக்ஸ் முழுச் சுமையில் 95 டிகிரி வரை போய் அங்கேயே நின்று வேலை செய்யும்படிதான் வடிவமைக்கப்பட்டது. ஏஎம்டி இதை வெளிவந்த நாளிலேயே பகிரங்கமாகச் சொல்லிவிட்டது. அந்தச் சிப்பை விற்கிற ஏஜென்டுக்கு இது தெரியாதா? தெரியாவிட்டால் எதற்கு விற்கிறார்? தெரிந்துகொண்டே எங்கள் ஊர் வெயிலின் மேல் பழியைப் போட்டால் அதற்கு என்ன பெயர்?

பிறகு "பெட்டியைக் கொழும்புக்கு அனுப்பிவிடுங்கோ, பார்ப்பம்" என்றார்கள். ஏ9 வீதி வழியாகக் கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். இரவு பஸ்ஸின் டிக்கியில் இரண்டு கிலோவுக்குக் கிட்டவான கிராபிக்ஸ் கார்ட் மதர்போர்டில் தொங்கிக்கொண்டு போய், குலுக்கலில் ஸ்லொட் உடைந்தால் "நீங்கள் அனுப்பிய பிழை" என்பார்கள். வேலையையும் நிறுத்தி, பெட்டியையும் உடைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். நான் அனுப்பவில்லை.

சரி, நானே பார்க்கிறேன் என்று இறங்கினேன். விண்டோஸில் ஈவன்ட் வியூவர் என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கிராஷுக்கும் எந்தக் கோப்பில் விழுந்தது என்று அதில் பதிவாகும். இதைத் திறக்க ஒரு நிமிடம் போதும். என் பெட்டியில் ஒரு தரம் விண்டோஸின் சொந்தக் கோப்பு, அடுத்த தரம் கிராபிக்ஸ் டிரைவர், அதற்கடுத்து எடிட்டிங் மென்பொருளில் வீடியோவைச் சுருக்கிப் பிரிக்கும் கோடெக், ஒரு தரம் குரோம் பிரவுசர்கூட. விழுந்த இடம் ஒவ்வொரு முறையும் வேறு, காரணம் மட்டும் எல்லாவற்றிலும் ஒன்று: அக்ஸஸ் வயலேஷன், அதாவது மெமரியில் தொடக்கூடாத இடத்தைத் தொட்ட பிழை. மென்பொருளில் பிழை என்றால் பெரும்பாலும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும். இப்படிக் கண்ட கண்ட இடத்தில் விழுந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ராமை. இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, கம்பியூட்டர் திருத்துகிற எவரும் அறிந்திருக்க வேண்டிய பாலபாடம்.

ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ யூஎஸ்பியில் ஏற்றி இரவு ஓடவிட்டேன். இலவசம்தான், விண்டோஸுக்கு வெளியே தனியாக ஓடும். விடியப் பார்த்தால் திரை முழுக்கச் சிவப்பில் பிழைகள்.

எப்படி வந்தது இந்தப் பிழை? 32 ஜிபி ராம் நான்கு பூட்டியிருந்தார்கள். அதுவும் இரண்டு இரண்டாக விற்கும் இரண்டு வேறு பக்கெட்டுகளை உடைத்து. பெட்டியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயோஸில், ராமைச் சாதாரண வேகத்துக்கு மேல் ஓட்டும் எக்ஸ்போ என்கிற ஓவர்கிளொக் புரொபைலை ஒன் பண்ணி, 6000 என்று திரையில் காட்டியதும் பெட்டியை மூடிவிட்டார்கள். அந்தப் பக்கெட்டில் எழுதியிருக்கும் 6000, உள்ளே இருக்கும் இரண்டு ராமையும் சேர்த்து ஓட்டிப் பார்த்துக் கொடுத்த வேகம். நான்குக்கு அது பொருந்தாது. இந்தச் சிப்புக்கு ராமோடு பேசும் பாதை, அதாவது மெமரி சனல், இரண்டுதான், ஒரு சனலில் இரண்டு ராமைத் தொங்கவிட்டால் கூடிய வேகத்தில் சிக்னல் கெடும். ஏஎம்டி தன் விவரப் பட்டியலிலேயே போட்டிருக்கிறது: ரைசன் 7000 வரிசையில் இரண்டு ராம் என்றால் 5200, நான்கு என்றால் 3600. கம்பனி 3600 என்று எழுதி வைத்திருக்கும் இடத்தில் இவர்கள் 6000 என்று பில் போட்டு எனக்கு விற்றிருக்கிறார்கள்!

இதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். தம்பி பெட்டியைப் போட்டு, யூடியூப்பைத் திறந்து ஒரு பாட்டை ஓடவிட்டு, "நல்லாத்தானே வேலை செய்யுது, அண்ணை" என்றார். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. யூடியூப் பார்க்கவா இந்தப் பெட்டி? பாட்டுக் கேட்க நாலைந்து ஜிபி ராம் போதும், மிச்சம் தூங்கும். எங்கள் கமராக்கள் எடுப்பது 10 பிட் 4:2:2 எச்.265 என்கிற, நிற விவரம் கூடிய கோப்பு. அந்த வகைக் கோப்பை ஆர்டிஎக்ஸ் 40 வரிசைக் கார்டுகள் தங்கள் வன்பொருளில் நேரடியாகப் பிரிக்காது. 2025இல் வந்த 50 வரிசையில்தான் அந்த வசதி வந்தது. இன்டெல் சிப்களில் குயிக் சிங்க் என்கிற உள்வசதி அதைப் பல வருடமாகச் செய்கிறது. ஆக என் பெட்டியில் முழுச் சுமையும் சிபியூவின் தலையில். மூன்று கமராக்களை ஒன்றாக டைம்லைனில் போட்டால் 16 கோரும் எரியும், ராம் நிரம்பும், கெட்ட இடம் வெளியே வரும். எடிட்டிங்குக்கு என்று கேட்டு வாங்க வந்தவனிடம் "எந்தக் கமரா, எந்தக் கோடெக்" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் இந்த விஷயம் அன்றைக்கே மேசைக்கு வந்திருக்கும். கேட்கவில்லை. விலை கூடினதை எடுத்து அடுக்கினார்கள்.

யூடியூப்பில் தீர்வு சொல்கிறவர்கள் தனிக் கூத்து. கிராபிக்ஸ் கார்ட் இரண்டு செக்கன் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் டிரைவரை ரீசெட் பண்ணும், அந்த நேரத்தை விண்டோஸின் அமைப்புப் பதிவான ரெஜிஸ்ட்ரியில் கூட்டிவிட்டால் சரி என்று பத்துப் பேர் வீடியோ போட்டிருக்கிறார்கள். ராம் பிழையோடு இருக்கும் பெட்டியில் அதைச் செய்தால் நோய் அப்படியே இருக்கும், கிராஷ் மட்டும் கொஞ்சம் பிந்தி வரும்.

திரையில் வரும் பிழைச் செய்தியை அப்படியே நம்பக்கூடாது என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் இருக்கிறது. என் பெட்டியோடு அதற்குத் தொடர்பில்லை. இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டொப் சிப்கள் பலவற்றில் "வீடியோ மெமரி போதாது" என்று செய்தி வந்துகொண்டே இருந்தது. சனம் கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகப்பட்டது, டிரைவரைச் சந்தேகப்பட்டது. கடைசியில் 2024 ஜூலையில் இன்டெலே சிப்புக்கு வோல்டேஜ் அளவுக்கு மேல் போகிறது என்று ஒப்புக்கொண்டு, பிறகு பயோஸ் வழியாகச் சிப்பின் உள் நிரலுக்கு மைக்ரோகோட் திருத்தம் கொடுத்து, வொரண்டியை மேலும் இரண்டு வருடம் நீட்டியது. அந்தச் சிப் வைத்திருப்பவர்கள் இன்னும் பயோஸ் அப்டேட் பண்ணாவிட்டால் இன்றைக்கே பண்ணுங்கள். அந்தளவு பெரிய கம்பனியே தன் பிழையை ஒப்புக்கொண்டது. எங்கள் கடைக்காரர்களுக்கு "பார்க்கிறோம்" என்று சொல்லக்கூட வாய் வராது.

கிராஷ் ஆனதுகூடப் பரவாயில்லை. என்னை நித்திரை கொள்ளவிடாமல் செய்தது வேறு. மெமரி கார்டில் இருந்து ஹார்ட் டிஸ்குக்குப் பிரதி செய்யும் ஒவ்வொரு கோப்பும் ராம் வழியாகத்தான் போகும். ராமில் ஒரு பிட் மாறினால் கோப்பும் சத்தமில்லாமல் மாறிவிடும், எந்த எச்சரிக்கையும் வராது. பிரதி அச்சொட்டாக மூலத்தைப் போல இருக்கிறதா என்று காட்டும் செக்சம் என்ற எண்ணை ஒப்பிட்டுப் பார்க்காமல் நான் கார்டை அழிப்பதில்லை, அதனால் தப்பியது. எத்தனை பொடியன்கள் இந்த மாதிரிப் பெட்டியை வாங்கி, பிரதி செய்த கையோடு கார்டை போர்மட் பண்ணி அடுத்த கலியாணத்துக்கு ஓடுகிறார்கள்! கெட்டிமேளம் முழங்கத் தாலி கட்டுகிற அந்த ஒரு நிமிடம் கோப்பில் கெட்டுப்போனால் யார் திருப்பித் தருவார்? அந்தப் பெண்ணின் அம்மம்மா அடுத்த வருடம் உயிரோடு இருப்பாரோ தெரியாது. அவர் அறுகரிசி போட்டு வாழ்த்திய காட்சியைத் திரும்ப எடுக்க ஏலுமா? இதை எல்லாம் ஒரு சாமான் வியாபாரமாக மட்டும் பார்க்கிறவர்களிடம்தான் நாங்கள் காசைக் கொடுத்துவிட்டு நிற்கிறோம்.

என் பெட்டி இப்போது ஓடுகிறது. பயோஸில் எக்ஸ்போவை நிறுத்தியதும் ராம் தானாக 3600க்கு இறங்கியது. இதைச் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அடுத்த தரம் போடும்போது திரை சில நிமிடம் கறுப்பாகவே நிற்கும். பெட்டி ராமைப் பரிசோதித்து ஒழுங்குபடுத்தும் மெமரி டிரெயினிங் நடக்கிறது, பயந்து போய் சுவிட்சை நிறுத்த வேண்டாம். பிறகு மெம்டெஸ்ட் முழு இரவும் ஓடி ஒரு பிழையும் காட்டவில்லை. எக்ஸ்போர்ட் நேரமும் பெரிதாகக் கூடவில்லை. 3600இல் நிற்கிற பெட்டி, 6000இல் விழுகிற பெட்டியை விட எனக்கு ஆயிரம் மடங்கு மேல். முதலிலேயே 48 ஜிபி ராம் இரண்டு போட்டிருந்தால் 96 ஜிபியும் கிடைத்திருக்கும், இந்தத் தலையிடியும் வந்திருக்காது. அந்த ராம் 2023இல் இருந்தே சந்தையில் இருக்கிறது.

ஆனால் இது நான் செய்திருக்க வேண்டிய வேலையா? பூட்டிய பெட்டியை ஒரு இரவு மெம்டெஸ்டில் விட்டுப் பார்க்கக் கடைக்கு என்ன செலவு? கரண்ட் காசு மட்டும்தான். இலட்சக்கணக்கில் பெட்டி வாங்கப் போகிற எல்லாரும் காசு கொடுக்க முதல் மூன்றைக் கேளுங்கள். ராம் எத்தனை, எந்த வேகத்தில் உண்மையில் ஓடுகிறது என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். மெம்டெஸ்ட் முடிந்த திரையைப் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். உங்கள் சொந்தக் கமராக் கோப்பைக் கொண்டுபோய் கடையிலேயே ஒரு மணித்தியாலம் எக்ஸ்போர்ட் பண்ணிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் எழும்பி வாருங்கள்.

நான் 6000 ராமுக்குக் காசு கொடுத்தேன், 3600இல் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வித்தியாசக் காசைத் தாருங்கள் அல்லது 48 ஜிபி ராம் இரண்டு மாற்றித் தாருங்கள் என்று பில், சிவப்புத் திரையின் படம், ஏஎம்டியின் பட்டியல் எல்லாவற்றையும் சேர்த்து எழுத்தில் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. அடுத்த கிழமையும் கடை வாய் திறக்காவிட்டால் அங்கேதான் அழைக்கப் போகிறேன்.