கேரல் ரவுண்ட்ஸ் என்றால் வீட்டுக்கு வருவது

வெள்ளிக்கிழமை இரவு நம் சபையின் கிறிஸ்துமஸ் கேரல் குழு வீடு வீடாகப் பாடப் போனபோது, லிப்ட் இல்லாத கட்டடங்களில் படி ஏறாமல் கீழேயே நின்று பாடிவிட்டுப் போனதைப் பற்றி சபைக் குழுவில் எல்லோரும் பேசி முடித்துவிட்டீர்கள். "விடுங்க சிஸ்டர், அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று எனக்குத் தனியாகவும் செய்தி வந்தது. இயேசு பிறந்தபோது சத்திரத்தில் இடமில்லாமல் போனதை வைத்து ஆளாளுக்கு ஜோக் போட்டாயிற்று, அதனால் அதை நான் போடவில்லை. நானும் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்த ரீல்ஸைப் பார்த்தேன். ஒரே இரவில் அறுபது வீடுகளாம். பின்னால் இசை, கீழே கைகூப்பும் எமோஜி வரிசை. அந்த அறுபதில் எங்கள் வீடும் ஒன்று. எங்கள் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று யாராவது சொன்னால் நானும் தெரிந்துகொள்வேன்.

குழு வரவேண்டிய வீடுகளைப் பதியக் கூகுள் ஃபார்ம் போட்டதில் எனக்குக் கோபம் இல்லை. பெயர், ஃபிளாட் நம்பர், லொகேஷன், எல்லாம் சரி. லிப்ட் உண்டா என்று கேட்டபோதும் சாதாரணமாகத்தான் டிக் செய்தேன், வயதானவர்கள் குழுவில் வருவார்களாக இருக்கும் என்று. கடைசி வரியில் ஆயிரத்துக்குக் குறையாமல் விருப்பக் காணிக்கை. அதையும் கட்டினேன். வியாழக்கிழமை மாலைதான் அந்த அறிவிப்பு வந்தது: லிப்ட் இல்லாத கட்டடங்களில் குழு தரைத்தளத்தில் நின்று பாடும், சபையார் ஒத்துழைக்கவும்.

ஒத்துழைத்தோம். எங்கள் வீடு மூன்றாவது மாடி. என் மாமியாருக்கு எண்பது தாண்டிவிட்டது, முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு இறங்குவதில்லை. சாயங்காலமே நல்ல சேலை கட்டிக்கொண்டு ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். குட்டியானை வந்தது, ஹாரன் அடித்தது, ஒன்றரைப் பாட்டு. பாட்டு முடிவதற்குள் வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. "மேலே வருவாங்களா?" என்று அத்தை கேட்டார். நான் பால்கனியிலிருந்து கை காட்டிக்கொண்டிருந்தேன், யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சீரியல் லைட் போட்ட வண்டியை வீடியோ எடுப்பதில் மும்முரமாக இருந்தார்கள்.

கேரல் ரவுண்ட்ஸ் என்றால் வீட்டுக்கு வருவது. பாட்டு கேட்க எங்களுக்கு யூடியூப் இருக்கிறது. உங்களைவிட நன்றாகப் பாடுகிறவர்கள் அதில் இருக்கிறார்கள், மன்னிக்கவும். வாசலில் செருப்பைக் கழற்றி உள்ளே வந்து நிற்பதற்குப் பெயர்தான் கேரல் ரவுண்ட்ஸ்.

"படி ஏறினால் நேரமாகும் ஆன்ட்டி" என்று வாலிபர் ஐக்கியத்தில் ஒரு தம்பி விளக்கம் கொடுத்தார். ஆகும்தான். நம் ஆயர் மாதம் ஒருமுறை அத்தைக்கு நற்கருணை கொடுக்க இதே படிதான் ஏறுகிறார். அவருக்கும் முட்டி வலி. இரண்டாவது மாடியில் கொஞ்சம் நின்று, மூச்சு வாங்கி, அப்புறம் வருகிறார். இருபது வயதில் ஜிம்முக்குப் போகிற பிள்ளைகளுக்கு மூன்று மாடி கஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

நான் வளர்ந்தது பெரம்பூரில் ரயில் பெட்டி செய்யும் ஐசிஎஃப் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில். 1955-இல் தொழிற்சாலை தொடங்கியபின் தெற்கேயிருந்து வேலைக்கு வந்து சேர்ந்த எத்தனையோ குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அப்பாவுக்குத் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம். எண்பதுகளில் எங்கள் கேரல் குழு எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. பதினொன்றுக்கும் வரும், விடிகாலை மூன்றுக்கும் வரும். ஒருவர் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பார். பெரம்பூர் ரயில்வே ஆங்கிலோ இந்தியக் குடும்பத்து அங்கிள் ஒருவர் அக்கார்டியன் வாசிப்பார், தமிழ்க் கீர்த்தனைக்கு அவர் கை தானாகப் போகும். (பிறகு அந்தக் குடும்பமே ஆஸ்திரேலியா போய்விட்டது. பெரம்பூரில் அப்படிப் போனவர்கள் நிறையப் பேர்.) அம்மா அண்டாவில் காபி போட்டு வைத்திருப்பாள். ஊரிலிருந்து வந்த முந்திரிக்கொத்து டின்னை அன்றைக்குத்தான் திறப்போம். அதுவரை எங்கள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கும்.

இதையெல்லாம் ஏதோ காபி பலகாரக் கதையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாட்டு முடிந்ததும் குழுவில் மூத்தவர் ஒருவர், "வீட்ல என்ன விசேஷம், எதுக்கு ஜெபிக்கணும்?" என்று கேட்பார். ஒவ்வொரு வீட்டிலும் கேட்பார். ஒருவருக்குப் பெண்ணுக்கு வரன் அமையவில்லை, ஒருவருக்குப் பையன் பிளஸ் டூ. ஒரு வருடம் அம்மா காபி எடுக்க உள்ளே போனவள், கூடவே வந்த ஒரு அக்காவிடம் மெதுவாக ஏதோ சொன்னாள். பிறகு அந்த மூத்தவர் ஜெபம் செய்தபோதுதான் பிள்ளைகள் எங்களுக்குத் தெரிந்தது, அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி, ஜனவரியில் ஆபரேஷன் என்று. வீட்டில் யாரும் எங்களிடம் சொல்லியிருக்கவில்லை. அன்றிரவு தம்பியும் நானும் தூங்கவில்லை. ஆனால் ஜனவரியில் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. கேரல் குழுவில் வந்த பெண்கள் முறை வைத்துக்கொண்டு சாப்பாடு கொண்டுவந்தார்கள். எனக்குத் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பியது கூட அவர்களில் ஒருவர்தான்.

இதற்கு எந்த ஃபார்மில் கட்டம் இருக்கிறது? அம்மா அதை ஃபார்மில் எழுதியிருப்பாளா? அடுக்களையில் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டுதான் சொல்வாள். அடுக்களை வரை யாராவது வந்தால்தானே சொல்ல முடியும்?

"உங்கள் காலம் மட்டும் பொற்காலமா?" என்று கேட்கப்போகிறீர்கள், தெரியும். இல்லை. அந்தக் குழுவில் கொஞ்சம் 'போட்டுக்கொண்டு' வந்து அழுது ஜெபித்த அங்கிள்மாரும் இருந்தார்கள். அதைவிட மோசமானதும் உண்டு. ஊரில் கேரல் குழு எந்தத் தெருவுக்குள் போகும், எந்தத் தெருமுனையில் திரும்பிவிடும் என்று எனக்கும் தெரியும், உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் தெரியும். ஒரே கிறிஸ்து, ஒரே பாட்டு, ஆனால் அந்தத் தெரு மட்டும் வேண்டாம். அதனால்தான் சொல்கிறேன், எந்த வீட்டுக்கு உள்ளே போகலாம், எந்த வீட்டுக்கு வெளியே நின்றால் போதும் என்று பட்டியல் போடுவது ரொம்பப் பழைய பழக்கம். அதைக் கம்ப்யூட்டரில் போட்டதும் மாடர்ன் ஆகிவிடாது.

இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்கிறீர்களா? கூடாதுதான், சட்டமே இருக்கிறது. மைக்கே வேண்டாம் என்றுதான் நானும் சொல்கிறேன். வீட்டுக்குள் வந்து பாட எதற்கு மைக்?

சபை விஷயத்தைப் பொதுவில் எழுதி மற்ற மதத்தவர் சிரிக்க இடம் கொடுக்கிறேன் என்று ஒரு அண்ணன் வருத்தப்பட்டிருக்கிறார். அண்ணே, எங்கள் கட்டடத்தில் முதல் மாடி மாமி மார்கழி முழுக்க நாலரைக்கு எழுந்து கோலம் போடுகிறவர். டிசம்பர் பிறந்தால் "உங்க கோஷ்டி எப்போ வரா?" என்று என்னிடம் கேட்பார், இறங்கும்போது குழுவுக்குச் சுக்குக் காபி கொடுப்பதற்காக. வெள்ளிக்கிழமையும் ஃபிளாஸ்க்கோடு நின்றார். வண்டி போன பிறகு அந்தக் காபியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் இறங்கிப் போனார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு.

அப்புறம் இந்த டிராஃபிக், ஐடி வேலை, நைட் ஷிப்ட். எல்லாம் உண்மை. என் மகளும் அந்தக் கேரல் கமிட்டியில்தான் இருக்கிறாள். "அம்மா, கொஞ்சம் ப்ராக்டிகலா யோசிங்க" என்கிறாள். வேலை முடிந்து ஏழரைக்கு வந்து, எட்டு மணிக்கு வண்டி ஏறுகிற பிள்ளைகள். களைப்பு எனக்குத் தெரியாதா? அப்படியானால் அறுபது வீடு எதற்கு? இருபது வீட்டுக்குப் போங்கள். மூன்று இரவாகப் பிரியுங்கள். அறுபது என்ற எண் யாருக்காக? ரீல்ஸுக்காக.

2015 வெள்ளத்தை மறந்துவிட்டீர்களா? டிசம்பர் முதல் வாரம், எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், கரண்ட் கிடையாது, போன் கிடையாது. இதே சபைப் பிள்ளைகள்தான் பிரெட், மெழுகுவர்த்தி, பால் பவுடர் எல்லாம் தலையில் வைத்து எடுத்துவந்தார்கள். கரண்ட் இல்லாத அந்த நாட்களில் சென்னையில் எல்லா வீடுமே லிப்ட் இல்லாத வீடுதான். ஏறினார்கள். ஈரத் துணியோடு எங்கள் ஹாலில் நின்று ஒரு பாட்டுக் கூடப் பாடினார்கள், சுருதி சேரவே இல்லை, அத்தை இன்றைக்கும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். 2023 புயலிலும் வந்தார்கள். அப்போது ஏறிய கால்தானே இது? வெள்ளம் வந்தால்தான் வருவீர்கள் என்றால் சொல்லிவிடுங்கள், நாங்கள் வேறு மாதிரி ஜெபிக்கிறோம்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று தெரிகிறது. என் வீட்டுக்காரர் "ஏம்மா, இத்தனை பேர் படிக்கிற இடத்துல" என்று இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பெங்களூரில் இருக்கிற மகன், "பப்ளிக்ல போடாதீங்க, எனக்கு மெசேஜ் வருது" என்கிறான். அவனுக்கு இந்த வருடமும் லீவு இல்லை. கிறிஸ்துமஸ் ஆராதனையை லைவ்வில் பார்த்துக்கொள்வானாம், தரம் நன்றாக இருக்கிறதாம். முன்பெல்லாம் இரவு ஒன்பது மணி என்றால் எங்கள் வீட்டில் பாய் விரித்து ஜெபம். கரண்ட் போனால் இன்னும் விசேஷம், பிள்ளைகள் மாறி மாறி இருட்டில் மனப்பாடமாக வசனம் சொல்வார்கள். இவன்தான் எப்போதும் ஆக மிகச் சின்ன வசனமாகப் பார்த்துச் சொல்லித் தப்பிப்பான். இப்போது ஒன்பது மணிக்கு அத்தையும் நானும் மட்டும். அவர் பாமாலைப் புத்தகத்தைத் திறப்பதே இல்லை, எல்லாம் மனதில் இருக்கிறது. "பிள்ளைங்க எங்கே?" என்று தினமும் கேட்கிறார். ஒருத்தி கேரல் கமிட்டி மீட்டிங்கில் இருக்கிறாள் என்று சொல்லும்போது எனக்கே சிரிப்பு வருகிறது.

அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். எனக்குச் சம்பந்தம் இருக்கிறது. மகன் வரவில்லை, சபையாவது வரும் என்று ஒரு கிழவி சேலை மாற்றி உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான்.

ஃபார்மில் 'லிப்ட் இல்லை' என்று டிக் செய்த மற்ற வீடுகள் எவை என்று எனக்குத் தெரியும், மகளிடமிருந்து வாங்கிவிட்டேன். (அவளைத் திட்ட வேண்டாம், நான்தான் பிடுங்கினேன்.) பெரும்பாலும் வயதானவர்கள், இரண்டு வீட்டில் படுத்த படுக்கை. வருகிற செவ்வாய், புதன் இரண்டு நாளும் மாலை ஏழு மணிக்கு பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து நாங்கள் சில பேர் கிளம்புகிறோம். ஒரு நாளைக்கு நான்கு வீட்டுக்கு மேல் இல்லை. வண்டி இல்லை, மைக் இல்லை, வீடியோ எடுப்பதாக இருந்தால் வரவேண்டாம். கிடார் வாசிக்கத் தெரிந்தவர் யாராவது வந்தால் நல்லது, எங்களில் யாருக்கும் சுருதி நிற்காது. பத்து மணிக்குள் முடித்துவிடுவோம். காணிக்கைப் பை கொண்டுவர மாட்டோம், முறுக்கு கொடுத்தால் வாங்கிக்கொள்வோம்.