படுவான்கரைச் சனம் பிந்தி வரவில்லை

மட்டக்களப்புப் படுவான்கரையில் ஒரு மனிசன் செத்ததைப் பற்றி ஆஸ்பத்திரிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் மேடையில் பேசின காணொளியை நானும் பார்த்துவிட்டேன். இன்பொக்ஸில் அனுப்பியவர்களுக்கு நன்றி, இனி அனுப்ப வேண்டாம். சூட்டோடு எழுதினால் வார்த்தை தடித்துவிடும் என்று பொறுத்திருந்தேன். பொறுத்தும் ஆறவில்லை.

படித்த மனிசன், பொறுப்பான கதிரையில் இருக்கிறவர், அவ்வளவு பேருக்கு முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு "இந்தச் சனம் எல்லாம் முத்தினாப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வரும், செத்தால் பழி எங்களில" என்கிறார். முன்வரிசை சிரிக்கிறது. அவர் சொன்னதைவிட அந்தச் சிரிப்புத்தான் எனக்குத் தாங்கவில்லை. செத்த மனிசனுக்கு இன்னும் முப்பத்தோராம் நாள் கிரியைகூட முடியவில்லை ஐயா. அவருடைய பிள்ளைகளிடமும் ஃபோன் இருக்கிறது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். சனம் பிந்தி வரவில்லை. அவ்வளவு நேரத்தில்தான் வந்துசேர முடிகிறது.

படுவான்கரை என்பது மட்டக்களப்பு வாவிக்கு அங்கால், மேற்குப் பக்கம்: வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளி, கரடியனாறு. மாவட்டம் சாப்பிடுகிற நெல்லும் குடிக்கிற பாலும் வருகிற பக்கம். போதனா வைத்தியசாலை இங்கால், நகரத்துக்குள். மண்முனைப் பாலம் 2014இல்தான் திறந்தது. அதற்கு முதல் வருத்தக்காரரைப் பாதையில், அதுதான் வாவியைக் கடக்கிற மிதவையில், ஏற்றி, மறுகரையில் வாகனம் தேடியவர்கள் இதை வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள். மண்டூரிலிருந்து குருமண்வெளிக்கு இன்றைக்கும் பாதைதான். இரவில் நெஞ்சுவலி வந்தால் பட்டிருப்புப் பாலத்தால் சுற்ற வேண்டும். மாரடைப்பு வந்து முதல் ஒரு மணித்தியாலம் பொன்னான நேரம் என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறீர்கள். அந்த ஒரு மணித்தியாலத்தில் எங்கட ஆட்கள் பிரதான வீதிக்கு வந்திருப்பார்கள், அதுவும் வழியில் யானை நிற்காவிட்டால்.

என்ர சின்ன மாமா, அம்மாவின் தம்பி, வெல்லாவெளிக்கு அங்கால வேளாண்மை செய்தவர். யானைக் காவலுக்குப் போன இடத்தில் விரியன் கடித்தது. மச்சான் மோட்டார் சைக்கிளை ஓட்ட, மாமாவை நடுவில் இருத்தி, பின்னால் ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார்கள். வழியில் யானை. லைட்டை நிப்பாட்டிவிட்டு, அது விலகும்வரை மூச்சுக் காட்டாமல் நின்றிருக்கிறார்கள். அதற்குள் மாமாவுக்குப் பல் முரசால் இரத்தம் கசியத் தொடங்கிவிட்டது.

முதலில் கொண்டுபோன சின்ன ஆஸ்பத்திரிக்கு நானும் போய்ச் சேர்ந்தேன். கொஞ்சம் இரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆட்டாமல் அசைக்காமல் மேசையில் வைத்தார்கள். இருபது நிமிசம். மாமாவைப் பார்க்கப் பயந்து எல்லோரும் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். நேரம் முடிய டொக்டர் குழாயைச் சரித்தார். உறைந்திருந்தால் இரத்தம் நின்றிருக்கும். அது தண்ணீர் மாதிரி ஓடியது.

அந்த டொக்டரை ஒரு சொல்லும் குறையாகச் சொல்ல மாட்டேன். சின்னப் பொடியன், இரவில் தனிய நின்றவர். விஷமுறிவு மருந்து ஏற்றும்போது உடம்பு ஏற்றுக்கொள்ளாமல் ஆள் சரிந்தால் தாங்கிப் பிடிக்க வசதி வேண்டும். அது அங்கே இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தந்தார். இருந்த ஒரு அம்புலன்ஸ் பிள்ளைப்பேற்றுக்கு ஒரு தாயை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. வான் பிடித்தோம். போய்ச் சேர்ந்தபோது விடிந்துகொண்டிருந்தது. சலம் போகவில்லை, சிறுநீரகம் நின்றுவிட்டது, இரத்தம் சுத்திகரித்துப் பார்த்தார்கள், ஆள் தப்பவில்லை. வயது ஐம்பது ஆகவில்லை.

கடித்த நேரமும் வந்த நேரமும் கார்ட்டில் இருக்கின்றன. இடைப்பட்ட நேரம் எங்கே போனது என்று எழுத அந்தக் கார்ட்டில் கட்டம் இல்லை. பிறகு யாரோ ஒருவர் அந்த இரண்டு நேரத்தையும் கழித்துப் பார்த்துவிட்டு மைக்கைப் பிடித்துச் சொல்கிறார், சனம் பிந்தி வருகிறதாம்.

நாடு முழுக்க வீடுவீடாக எடுத்த ஆய்வு ஒன்று 2016இல் வெளிவந்தது. ஒரு வருடத்தில் 80,000க்கு மேல் பாம்புக்கடி, ஏறத்தாழ 400 சாவு என்று அதில் மதிப்பிட்டிருந்தார்கள். அந்த 400 பேரும் கொழும்பு கொள்ளுப்பிட்டியிலா இருந்தார்கள்?

இனி வரப்போகிற கொமன்ட்டுகள் எனக்குத் தெரியும். பரியாரியிடம், நாட்டு வைத்தியரிடம், போய் மினக்கெடுகிறார்களே என்பீர்கள். போகிறார்கள்தான். ஏன்? பரியாரி அடுத்த ஒழுங்கையில் இருக்கிறார். நடுச்சாமத்தில் கதவைத் தட்டினால் எழும்பி வருகிறார். "ஏன்டாப்பா இவ்வளவு நேரம்" என்று ஏசமாட்டார், சிங்களத்தில் துண்டு எழுதித் தரமாட்டார். அவரிடம் போவது சரி என்று நான் சொல்லவில்லை. விரியன் கடிக்கு வேர் அரைத்துக் கட்டி உயிர் போன வீடுகள் எனக்கும் தெரியும். ஆனால் அவர் இருக்கிற தூரத்தில் நீங்கள் ஒரு டொக்டரையும் மருந்தையும் வையுங்கள், அதற்குப் பிறகும் சனம் பரியாரியிடம் போனால் நானே வந்து ஏசுகிறேன்.

கசிப்புச் சாராயம் குடிக்கிறார்கள் என்பீர்கள். நகரத்தில் யாரும் குடிப்பதில்லையா? விடுங்கள்.

இலவச வைத்தியம் தருகிறோமே என்பீர்கள். தருகிறீர்கள், அதனால்தான் இந்த நாட்டின் சராசரி ஆயுள் 75ஐத் தாண்டியது. அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் மருந்து இலவசம், வான் இலவசமில்லை. கூட நிற்கிறவரின் சாப்பாடு, அன்றைய கூலி, மட்டக்களப்பில் சரிவராமல் கொழும்புக்கு எழுதினால் பாடுமீன் ரயிலில் இரவிரவாகப் பயணம், எதுவும் இலவசமில்லை. 2016 கணக்கெடுப்பில் வறுமை நாடு முழுவதும் 4.1 வீதம், கொழும்பில் 0.9, மட்டக்களப்பில் 11.3. இது 2022 பொருளாதார நெருக்கடிக்கு முந்திய கணக்கு. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வருகிற சுவசெரிய அம்புலன்ஸும் 2016இல் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும்தான் தொடங்கியது. எங்களுக்குப் பிறகுதான் வந்தது.

இனவாதம் பேசுகிறாய் என்று ஒருவர் ஏற்கனவே எழுதிவிட்டார். தம்பி, அம்பாறை வரைபடத்தை எடுத்துப் பார். பொத்துவில் முஸ்லிம் தாய்க்கும், திருக்கோவில் தமிழ் மனிசனுக்கும், தெஹியத்தகண்டியில் சிறுநீரகம் பழுதான சிங்கள விவசாயிக்கும் ஒரே பிரச்சினை, பெரிய ஆஸ்பத்திரி தூரம். இதில் இனம் எங்கே வந்தது? கல்முனையில் ஒரே ஊருக்குள் இரண்டு ஆதார வைத்தியசாலை வைத்துக்கொண்டு உன்னுடையதா என்னுடையதா என்று நாங்கள் பிடித்த சண்டையைப் பற்றி எழுதினால் இரண்டு பக்கமும் எனக்கு அடிக்க வரும். வரட்டும்.

பணக்கார நாட்டிலும் இப்படித்தான் என்பீர்கள். உண்மை. கிளாஸ்கோவில் கால்ட்டன் பகுதியில் பிறக்கிற ஆண்பிள்ளை, சில மைல் தள்ளி லென்சியில் பிறக்கிறவனைவிட 28 வருடம் குறைவாக வாழ்வான் என்று 2008இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆணைக்குழு சொன்னது. எங்கே வைத்தியம் அதிகம் தேவையோ அங்கேதான் அது குறைவாகக் கிடைக்கிறது என்று 1971இலேயே வேல்ஸ் சுரங்கக் கிராமமொன்றின் டொக்டர் ஜூலியன் ரியூடர் ஹார்ட் எழுதிவிட்டார். அங்கே கால்ட்டன் சனத்தைப் பார்த்து முன்வரிசை சிரித்ததா? ஏன் என்றுதான் ஆணைக்குழு கேட்டது.

முடியாது என்றும் சொல்லாதீர்கள். 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று சான்றிதழ் வாங்கினோமே, எப்படி? சண்டைக் காலத்திலும் மலேரியா இயக்கத்துக்காரர் காட்டோரக் கிராமங்களுக்கு வந்து விரலில் குத்தி இரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். வர நினைத்தபோது வந்தார்கள்.

மாவட்ட ஒதுக்கீட்டில் மருத்துவபீடம் போன எங்கட பிள்ளைகளுக்குச் சந்தியில் பதாகை கட்டுகிறோம். பலர் இப்போது வெளிநாட்டில். அவர்களிலும் எனக்குக் கோபம் வரப் பார்க்கிறது, ஆனால் தங்க விடுதியும் இல்லாத இடத்துக்கு வா என்று கூப்பிட எனக்கு வாய் வருவதில்லை.

மைக் பிடித்த ஐயாவிடம் மன்னிப்பை எதிர்பார்க்கவில்லை. படுவான்கரையிலும் அம்பாறைக் கரையோரத்திலும் உள்ள ஒவ்வொரு பிரதேச வைத்தியசாலையிலும் எத்தனை இரவு டொக்டர் தங்குகிறார், விஷமுறிவு மருந்து இருக்கிறதா, அம்புலன்ஸ் ஓடுகிறதா என்று ஒரு பட்டியலை வாசலில் ஒட்டச் சொல்லுங்கள். அவர்கள் ஒட்டாவிட்டால் நாங்களே தயாரிப்போம். உங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் நிலைமையைக் கீழே எழுதுங்கள், செத்தவர்களின் பெயர் வேண்டாம். கசிப்புக் கதை எழுதுகிறவர்களின் கொமன்ட்டை அழிப்பேன்.