லிம்போசைட் குறைந்தாலே ஸ்டீராய்டு என்பது தப்பு

"கொரோனாவில் லிம்போசைட் (ரத்த வெள்ளையணுக்களில் ஒரு வகை) 20 சதவீதத்துக்குக் கீழே போனால் நோய் முற்றப் போகிறது, உடனே ஸ்டீராய்டு ஆரம்பியுங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி உண்மை, அதுதான் வம்பு. நோய் தீவிரமானவர்களுக்கு லிம்போசைட், குறிப்பாக அதிலேயே ஒரு வகையான சிடி4, சிடி8 டி செல்கள் குறைந்திருப்பது 2020-இல் வூஹானிலிருந்து வந்த அறிக்கைகளிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அது கூட்டத்தைப் பார்த்துச் சொன்ன கணக்கு, ஒரு ஆளின் ஜாதகம் இல்லை. சதவீதத்தை மட்டும் பார்த்தும் பயப்படாதீர்கள். மொத்த வெள்ளையணு 9,000, அதில் லிம்போசைட் 15 சதவீதம் என்றால் எண்ணிக்கை 1,350, பெரியவர்களுக்கு அது பெரும்பாலான லேப்களில் நார்மல்தான்.

அப்புறம் அந்த ஸ்டீராய்டு. டெக்ஸாமெதசோன் என்கிற ஸ்டீராய்டு போட்டாலே நியூட்ரோஃபில் (இன்னொரு வகை வெள்ளையணு) ஏறும், லிம்போசைட் இறங்கும். மாத்திரை தொடங்கிய பிறகு எடுத்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு "பாருங்க, முத்திடுச்சு" என்றால் என்ன சொல்வது! பிரிட்டனில் 2020-இல் நடந்த ரெக்கவரி ஆய்வில் தினம் 6 மில்லிகிராம் டெக்ஸாமெதசோன் ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களிடம்தான் இறப்பைக் குறைத்தது, தேவைப்படாதவர்களுக்குப் பலன் எதுவும் தெரியவில்லை. ரத்த ரிப்போர்ட்டோடு மூச்சிரைப்பு, வயது, சர்க்கரை எல்லாவற்றையும் சேர்த்து டாக்டர் முடிவு செய்யட்டும். ஆனால் ஆக்ஸிமீட்டரில் ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே காட்டினால், லிம்போசைட் எவ்வளவு இருந்தாலும் சரி, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.