சிறை ஊழியம் யாருக்கு என்று கேட்டவருக்கு

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நடந்தது உங்களில் பாதிப்பேருக்குத் தெரியும். சிறைச்சாலை ஊழியத்துக்குப் போகவேண்டும் என்று எனக்குள் ஒரு பாரம் இருக்கிறது, சேர்ந்து வர விருப்பமுள்ளவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டேன். அவ்வளவுதான். உடனே ஒரு பெரியவர் எல்லார் முன்னாலும், "நல்லவங்களுக்குச் செய்யவே இங்க ஆள் இல்ல. தப்புப் பண்ணவனுக்கு எதுக்குங்க ஊழியம்?" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் இன்னும் மனதை அறுக்கிறது.

பைபிளில் மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்னது நமக்கு மனப்பாடம். பசியாயிருந்தேன் என்றால் சாப்பாடு கொடுக்கிறோம். வியாதியாயிருந்தேன் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போய் ஜெபிக்கிறோம். அதே வசனத்தில்தான் "காவலிலிருந்தேன், என்னைப் பார்க்கவந்தீர்கள்" என்றும் இருக்கிறது. அதை மட்டும் ஏன் தாண்டிப் போகிறோம்? என்ன வழக்கு என்று விசாரித்துவிட்டு வாருங்கள் என்று ஆண்டவர் சொல்லவில்லை. பார்க்க வந்தீர்கள் என்றார்.

"பைபிளில் வருகிற பவுலும் சீலாவும் சுவிசேஷத்துக்காகச் சிறைக்குள்ளே போனவர்கள், இவர்கள் அப்படியா?" என்று கேட்பீர்கள். சரி. இயேசுவுக்குப் பக்கத்தில் சிலுவையில் தொங்கியவன் எதற்காகத் தொங்கினான்? நாம் நடப்பித்தவைகளுக்குத் தக்க பலனை அடைகிறோம் என்று அவனே சொல்கிறானே. குற்றத்தை ஒத்துக்கொண்டவன். அவனுக்குத்தான் அன்றைக்கே பரதீசு கிடைத்தது. அப்புறம், உள்ளே இருக்கிற எல்லாருமே தண்டனை பெற்றவர்களும் இல்லை. வழக்கு முடியாமல், ஜாமீனுக்கு ஆள் இல்லாமல் கிடக்கிற விசாரணைக் கைதிகளும் அங்கேதான் இருக்கிறார்கள்.

இந்தப் பாரம் எனக்கு நேற்று வந்ததில்லை. சின்ன வயதில் எங்கள் சபையில் ஒரு அத்தை இருந்தார். அவர் மகன் ஒரு அடிதடி வழக்கில் உள்ளே போனான். ஒருநாள் துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். மனு எழுதிக் கொடுத்துவிட்டு வெகுநேரம் காத்திருந்தோம். மகனுக்காகக் கொண்டுபோன சட்டையை அத்தை அழகாக மடித்து வைத்திருந்தார். காவலர் அதை உதறி, காலரைத் தடவிப் பார்த்துவிட்டு மேசையில் போட்டார். அத்தை அதை எடுத்து மறுபடியும் மடித்தார். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவனும் இந்தப் பக்கம் நாங்களும். சுற்றிலும் எல்லாரும் கத்திக் கத்திப் பேசுகிறார்கள். அவன் கேட்டது ஒன்றுதான்: "சர்ச்ல என்னைப் பத்தி யாராச்சும் கேட்டாங்களாம்மா?" அத்தை "எல்லாரும் கேட்டாங்கய்யா" என்றார். ஒருவரும் கேட்டிருக்கவில்லை. அத்தை வீட்டு ஜெபக்கூட்டத்தைக்கூட வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். அந்த அம்மா என்ன குற்றம் செய்தார்? யாராவது சொல்லுங்கள்.

"பாதிக்கப்பட்டவர்களுக்கு என்ன பதில்?" என்று ஒரு தம்பி தனியாகக் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. நான் போய்ப் பார்ப்பதால் கைதி செய்தது சரியாகிவிடாது. தண்டனையைக் குறையுங்கள் என்றும் நான் கேட்கப் போவதில்லை. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கும் ஊழியம் வேண்டும், கட்டாயம் வேண்டும். அதைத் தொடங்குங்கள், நானும் வருகிறேன். ஆனால் அவர்கள் பெயரைச் சொல்லி இதைத் தடுக்கிறவர்களில் எத்தனை பேர் அந்த வீட்டுப் படி ஏறியிருக்கிறீர்கள்?

"பெண்பிள்ளைகள் போகிற இடமா அது?" என்றும் ஒரு பேச்சு. எலிசபெத் ஃப்ரை என்ற பெண் 1813-இல் லண்டன் நியூகேட் சிறைக்குள் போனார். பெண் கைதிகளும் அவர்களுடைய குழந்தைகளும் நெரிசலில் கிடந்ததைப் பார்த்தார். சில வருடங்கள் கழித்து அங்கேயே குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார், பெண்களுக்குத் தையல் வேலைக்கு வழி செய்தார். அவரையும் போகவேண்டாம் என்றுதான் சொன்னார்கள். இதற்கு மேல் இந்தப் பேச்சுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

அந்தப் பெரியவர் மீது எனக்குக் கோபம் இல்லை என்று எழுதத்தான் நினைத்தேன். இருக்கிறது. என்னைச் சொன்னதற்காக இல்லை. அன்றைக்கு அந்தக் கூட்டத்தில், மகன் உள்ளே இருக்கிற ஒரு தாய் உட்கார்ந்திருந்தார். சிரித்தவர்களில் சிலருக்கு அது தெரியும்.

அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கிடைத்தால் போவேன். வருகிறவர்களுக்குப் பிரசங்கம் பண்ணத் தெரியவேண்டியதில்லை. என்ன தப்புப் பண்ணினாய் என்று யாரிடமும் கேட்கக் கூடாது. வழக்கைப் பற்றி வாக்குக் கொடுக்கக் கூடாது, கடிதமோ பொருளோ கைமாற்றக் கூடாது. ஒருதரம் வந்து பார்த்துவிட்டு நின்றுவிடுவதாக இருந்தால் வேண்டாம். அடுத்த மாதமும் வருவேன் என்று அவர்களிடம் சொல்ல முடிகிறவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள்.